கணுக்கால் கயிறு

மேட்டுப்பட்டியில் எங்கள் தெருச் செபக்குழுவான அன்பியத்துக்கு ஜோஸ்பின்தான் பொறுப்பாளர். புதன்கிழமை சாயங்காலம் ஏதாவது ஒரு வீட்டில் தெருக்காரர்கள் கூடுவார்கள். விவிலியம் வாசித்து, ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லி, செபித்துக் கலைவார்கள். மில்லில் ஷிப்ட் முடித்துப் பஞ்சு ஒட்டிய தலையோடு வந்தாலும் ஜோஸ்பின் நேரத்துக்கு வந்துவிடுவார். கண்டிப்பானவர். எதிர்வீட்டுச் செபஸ்தியம்மாள், காணாமல் போன ஆட்டுக்காகக் குறி கேட்கப் போனபோது, "ஆட்ட அங்க கேட்டீகள்ல, மோட்சத்தையும் அங்கனயே கேட்டுக்கங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னவர்.

அவருடைய கணவர் ஸ்தனிஸ்லாஸ் கூரை போடுகிறவர். ஒழுகலை அடைக்க ஒரு வெங்காயக் குடோன் மேல் ஏறியவர், ஷீட் உடைந்து உள்ளே விழுந்தார். இடுப்பில் ஆபரேஷன் செய்தார்கள். அதன்பிறகு காய்ச்சல் இறங்கவில்லை, கண்ணும் திறக்கவில்லை. "இப்ப எதுவும் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜோஸ்பினின் தம்பி பிரிட்டோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"சித்தையன்கோட்டை பக்கம் ஒரு கோடாங்கி இருக்காரு. பொழைப்பாரா மாட்டாரான்னு நேராச் சொல்லிருவாராம். நீ வர வேணாம்க்கா. மாமா சட்டை ஒண்ணு மட்டும் குடு."

ஜோஸ்பின் போ என்று சொல்லவில்லை. ரத்தம் காய்ந்த சட்டையைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

பிரிட்டோ கறுப்புக் கயிற்றோடு திரும்பினான். "பொழச்சுக்குவாராம். இதக் கால்ல கட்டணுமாம். அவுத்தா மட்டும் உசுரு தங்காதாம்."

ஜோஸ்பினே அதைக் கட்டிப் போர்வையை இழுத்து மூடினார். மறுநாள் காய்ச்சல் இறங்கியது. ஸ்தனிஸ்லாஸ் கண் திறந்து தண்ணீர் கேட்டார்.

அந்தப் புதன்கிழமை, நன்றி செபம் என்று செபஸ்தியம்மாள் வீட்டில் கூடினோம். பங்குக் கோயிலில் அந்த மாதம் அரசர்களின் கதைகளை வரிசையாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாசகத்தை ஜோஸ்பினே எடுத்தார். அகசியா என்ற அரசன் மாடிப் பலகணி வழியாக விழுந்து படுக்கையில் கிடக்கிறான். பிழைப்பேனா என்று அண்டை ஊர்த் தெய்வத்திடம் கேட்டுவர ஆள் அனுப்புகிறான். அவர்களை எலியா என்ற இறைவாக்கினர் வழிமறிக்கிறார். கேட்பதற்கு இஸ்ரயேலில் கடவுள் இல்லையா என்கிறார். ஏறிப் படுத்த கட்டிலிலிருந்து அரசன் இறங்கப் போவதில்லை என்கிறார்.

கடைசி வரிகளில் ஜோஸ்பினின் குரல் எங்களுக்குக் கேட்கவில்லை. அரசன் விழுந்ததால் சாகவில்லை, கேட்டதால் செத்தான். வாசிக்கும்போதுதான் அது அவருக்குப் புரிந்தது.

"பாவம்யா அந்த ராசா," என்றார் செபஸ்தியம்மாள். "முடியாமக் கெடக்கவன் நாலு எடத்துல கேக்கத்தான செய்வான்? அதுக்குப் போயி உசுர எடுக்கணுமா? ஏத்தா ஜோஸ்பினு, என் ஆட்டுக்கு அம்புட்டுப் பேசுன, இதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குற."

எல்லாரும் சிரித்தார்கள். ஜோஸ்பின் விவிலியத்தை மூடினார்.

மறுநாள் காலை கத்தரிக்கோலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டு வாசலில் பிரிட்டோ மறித்தான்.

"வெட்டாதக்கா. கோடாங்கி சொன்னபடிதான மாமா கண்ணு முழிச்சாரு?"

"யாரு முழிக்க வச்சதுன்னு தெரியலையேடா."

கட்டிலருகே போய்க் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். சட்டை கொடுத்ததையும், அந்த அரசன் கதையையும். ஸ்தனிஸ்லாஸ் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுத்தா கோடாங்கி சொன்னது நடந்துருமோ?"

"அவுக்காட்டி எலியா சொன்னது நடந்துருமேங்க."

"எலியா அந்த ராசாவுக்குத்தான சொன்னாரு."

"அவனும் உங்கள மாதிரிதான் மேலருந்து விழுந்தான்."

"கேட்டு அனுப்புனது நானில்லையே. கட்டுறப்ப எங்கிட்ட கேக்கல. அவுக்கிறப்பவாச்சும் கேளு."

ஜோஸ்பின் போர்வையை விலக்கிக் கத்தரிக்கோலைக் கணுக்காலருகே கொண்டுபோனார். விழுந்த நாளிலிருந்து அசையாத கால், வெடுக்கென்று போர்வைக்குள் இழுபட்டது.

"கால் அசையுதே," என்று நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினார். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

இப்போது ஸ்தனிஸ்லாஸ் கோலூன்றிக் கடைவரை போய்வருகிறார். கயிற்றை அவரும் தொடுவதில்லை, மனைவியையும் தொடவிடுவதில்லை. ஜோஸ்பின் பங்குச் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். கடவுள் அப்படிப்பட்டவர் இல்லை, பயப்படாமல் அவிழ்த்துப் போடுங்கள் என்றாராம் சாமியார். தலையாட்டிவிட்டு வந்தார். அன்பியப் பொறுப்பை விட்டுவிட்டார். கணவர் இருமினால் அடுப்படியில் ஜோஸ்பினின் கை அப்படியே நின்றுவிடுகிறது.

சொன்னபடியே அகசியா செத்தான் என்றுதான் வாசகத்தில் இருக்கிறது. எவ்வளவு காலம் கழித்து என்று இல்லை. ஜோஸ்பின் பலமுறை தேடிப் பார்த்துவிட்டார்.