மாங்காட்டு வரிசையில் ஒரு பெயர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வெள்ளிதோறும் மாங்காட்டு அம்மனைத் தரிசிப்பது என் வழக்கம். அர்ச்சனை வரிசையில் ஓர் அம்மாள், தன் முறை வந்ததும் பின்னால் நிற்பவருக்கு வழிவிட்டுக்கொண்டே இருப்பார். பதிகம் ஓதிக்கொண்டிருந்த என் மனம் ஒருநாள் அவர் பக்கம் திரும்பிவிட்டது. காரணம் கேட்டேன்.

"நீ முன்னால போ பெரியவரே. எனக்கு ஒரு ஆளு வரணும்."

சற்று நேரத்தில் காவல்நிலைய அதிகாரி குடும்பத்துடன் வந்தார். அம்மாள் உடனே அவருக்கு முன்னால் புகுந்து தட்டை நீட்டினார். குருக்கள் பெயர் கேட்டார்.

"ஏழுமலை. ரோகிணி நட்சத்திரம்."

மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார். அதிகாரி தரையைப் பார்த்தார்.

பிரகாரத்தில் அம்மாள் விவரம் சொன்னார். "எம் புள்ள. ஊட்டாண்ட வந்து போலீசு ஜீப்புல ஏத்திகினு போனாங்கோ. இன்னும் ஊடு திரும்பல. கோர்ட்டு, கலெக்டர் ஆபீசு எல்லாம் ஏறி எறங்கிட்டேன். இவரு அப்பிடி ஒரு பேரையே கேட்டதில்லன்றாரு. அதான் வாரா வாரம் கேக்க வைக்கிறேன்."

"அம்மனிடம் வேண்டிக்கொள்வதில்லையா?"

"அவளுக்குத் தெரியும். இவருல்ல வாயத் தொறக்கணும்."

அடுத்த வெள்ளி, அதிகாரிக்கு முன்னால் நானும் தட்டோடு நின்றேன். குருக்கள் வழக்கம்போல என் பெயரைச் சொல்லத் தொடங்கினார். தடுத்து, "ஏழுமலை, ரோகிணி" என்றேன். குருக்களுக்கே கேட்கவில்லை; மறுபடி உரக்கச் சொன்னேன். இறைவியின் நாமங்களை ஆயுள் முழுதும் உரக்கச் சொல்லி வந்தவன் நான். ஒரு மனிதனின் பெயரைச் சொல்ல இத்தனை துணிவு வேண்டும் என்பதை அதுவரை அறிந்ததில்லை.