மாதா படத்துக்குப் பின்னால் இருந்த எக்ஸ்ரே

என் கணவர் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். எங்கள் வீடு மண்ணூரில். கல்யாணமான மூன்றாம் வருஷம் அவருக்கு வலது நெஞ்சில் குத்துவலி வந்தது. சாயங்காலமானால் காய்ச்சல். நாலு மூட்டை தூக்குவதற்குள் மூச்சு வாங்கியது. ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, காஞ்சிபுரத்துக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார்.

அங்கே சட்டையைக் கழற்றி, ஜில்லென்ற பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்க வைத்தார்கள்.

"மூச்ச இழுத்துப் புடிப்பா. விட்றாத."

மிஷின் ஒரு தடவை உறுமியது. அவ்வளவுதான். படத்தைப் பழுப்பு உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

எக்ஸ்ரேயே ஒரு வைத்தியம் என்றுதான் எங்கள் பக்கத்தில் அப்போது பலரும் நினைத்தோம். கரண்ட் உள்ளே போய் நோயைச் சுட்டுவிடுமாம். இரண்டாம் நாளே அவருக்கு வலி குறைந்தது.

"பாத்தியா மே, மிசினு பட்டதும் வலி ஓடிட்ச்சு. இன்னாத்துக்கு இன்னொரு வாட்டி டாக்டரு?"

எனக்கும் அது வசதியாக இருந்தது. டாக்டர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு எழாது. உறையை மாதா படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தேன்.

மூன்று வாரத்தில் அவரால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கிடந்தார். ஒரு வாய் கஞ்சிக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கினார். உறையை எடுத்துக்கொண்டு, அவரை வண்டியில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனேன்.

டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வலது நுரையீரலின் அடியில் வெள்ளையாக ஒரு பட்டை.

"இது தண்ணி. அப்பவே கொஞ்சம் இருந்திருக்கு. இப்ப பாதி நெஞ்சு ரொம்பியிருக்கும்."

"வலி கொறஞ்சுதுங்களே..." என்றார் கணவர்.

"தண்ணி சேந்தா வலி கொறையும்யா. அது கொணமில்ல. ஏம்மா, படத்த ஏன் அப்பவே காட்டல?"

உண்மையைச் சொல்ல வெட்கம்.

"பஸ் கெடைக்கலிங்க" என்றேன்.

மூன்று வாரமாகவா என்று டாக்டர் கேட்கவில்லை. என் கணவர் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

முதுகுப் பக்கம் ஊசி குத்தி அந்தத் தண்ணீரை எடுத்தார்கள். வைக்கோல் ஊறிய தண்ணீர்போல மஞ்சளாக, பாட்டில் பாட்டிலாக வந்தது. பிறகு காசநோய்க்கு மாசக்கணக்கில் ஊசியும் மாத்திரையும். உயிர் பிழைத்தார். ஆனால் அந்த நுரையீரல் ஒட்டிப்போய்விட்டது, முழுதாக விரியவில்லை. முன்னாலேயே வந்திருந்தால் விரிந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மூட்டை தூக்கும் வேலை போயிற்று. மில்லில் அரிசி புடைக்க நான் போனேன். இன்னும் போகிறேன்.

அவர் ஒருநாளும் என்னைத் திட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நடக்கும்போது பாதி வழியில் மூச்சு வாங்கி, புளியமரத்தடியில் உட்காருவார். நான் திரும்பிப் பார்ப்பேன்.

"இன்னா மே பாக்குற? பஸ் கெடைக்கல" என்பார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். பூசை மணி அடித்து ஓய்ந்த பிறகுதான் எழுந்திருப்போம்.