டீச்சர் சொன்ன பொய்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு டிசம்பர் மாதம். ஏற்காட்டில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை நான். அரையாண்டுத் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது வயிற்றுவலி வந்தது. வாயுதான் என்று நானே முடிவு கட்டி, ஓமத் தண்ணீர் குடித்தே இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் நிமிர முடியவில்லை. கணவர் ஜீப் பிடித்து சேலத்துக்குக் கொண்டுபோனார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உயிர் போய்ப் போய் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தால், குடல்வால் வெடித்து வயிறெங்கும் சீழ். அன்றே திறந்து, சுத்தம் செய்து தைத்தார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு குடல் தூங்கிவிடுமாம். விழித்துக்கொண்டதற்கு அடையாளம், காற்றுப் பிரிவது. அதுவரை சொட்டுத் தண்ணீர் கிடையாது. மூன்றாம் நாள் காலை டாக்டர், மருத்துவ மாணவர்கள் புடைசூழ வந்து, வார்டு முழுக்கக் கேட்கிற குரலில், "காத்துப் பிரிஞ்சுதாம்மா?" என்றார்.

எனக்கு மானமே போன மாதிரி இருந்தது. வகுப்பில் அந்தச் சத்தம் கேட்டு யாராவது சிரித்தால், எல்லோரையும் பெஞ்சில் ஏற்றுகிறவள் நான். போதாததற்கு அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்னிடம் படித்தவள்! "இல்லை" என்று சொன்னால் சாயங்காலமும் வந்து கேட்பார். தாகம் வேறு. "ஆச்சுங்க" என்று தலையாட்டிவிட்டேன்.

மூக்கிலிருந்த குழாயை எடுத்தார்கள். தண்ணீர் கிடைத்தது. மதியமே வயிறு மத்தளமாக ஊதி, பச்சை பச்சையாக வாந்தி. குழாய் மறுபடி மூக்கில் ஏறியது. நாளைக்குள் குடல் அசையாவிட்டால் திரும்பவும் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அப்போதுதான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. எழுந்து நடக்கச் சொன்னார்.

அடுத்த படுக்கையில் மாரமங்கலத்து அக்கா ஒருவர். எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கிறவர். பித்தப்பைக் கல்லை எடுத்து, வீட்டுக்குப் போகக் காத்திருந்தார்.

"ஏனுங்க டீச்சரம்மா, இதுல என்னங்க வெக்கம்? எந்திரிங்க. நாளைக்கு நான் ஊட்டுக்குப் போறதுக்குள்ள உங்களுக்கு ஒரு வழி பண்ணிட்டுத்தானுங்க போவேன்" என்று என் குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார்.

இன்னொரு முறை கத்தி படவே கூடாது என்று எனக்கும் வைராக்கியம் வந்துவிட்டது. ஒரு கையால் தையலை அழுத்திக்கொண்டு வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஐந்து நடை சொன்னால் ஆறு. தலை சுற்றினால் சுவரில் சாய்ந்து நின்று, மறுபடி நடந்தேன். நடந்தபடியே ஜெபம். என்ன ஜெபம் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு கோடியிலும் அக்கா, "இன்னும் இல்லீங்களா?" என்று சத்தமாகக் கேட்பார். முதலில் கூசியது. பிறகு நானும் அதே சத்தத்தில், "இல்லீங்க அக்கா" என்று சொல்லப் பழகிவிட்டேன்.

மறுநாள் காலை, டாக்டர் எதிரே வந்துகொண்டிருக்கும்போது, நட்ட நடு வராந்தாவில் அது வந்தது. சின்னதாக அல்ல. டாக்டர், மாணவர்கள், என் பழைய மாணவி, எல்லோரும் நின்றுவிட்டார்கள். "ஆச்சுங்க, டீச்சரம்மாவுக்கு ஆச்சுங்க" என்று அக்கா வார்டுக்கே அறிவித்தார். நான் அழுதேன். தையல் வலிக்க வலிக்கச் சிரிக்கவும் சிரித்தேன்.

இப்போதும் அதே ஐந்தாம் வகுப்புதான். காலை ஜெபத்தின் நடுவே எப்போதாவது அந்தச் சத்தம் வரும். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் யாரையும் பெஞ்சில் ஏற்றுவதில்லை. இதே சத்தத்துக்காக ஒரு நாள் முழுக்க ஜெபித்துக்கொண்டே நடந்தவள் அல்லவா நான்.