மெஷின் அறைக்குள் ஆடு புகுந்த வழி

அந்தப் பல்கலைக்கழகத்தில் அவளை மெஷின் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த பேராசிரியர்களுக்கும் அவள் அக்காதான். நான்கு துறைகள் சேர்ந்து வாங்கிய மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்று கீழ்த்தளத்தில் இருக்கிறது. புரதங்களைத் துண்டு துண்டாக எடைபோட்டு, இது இன்னது என்று பிட்டுப் பிட்டு வைக்கும் கருவி. ஒரு சின்ன பீரோ அளவுதான் இருக்கும், ஆனால் அதற்குக் கிடைக்கும் மரியாதை துணைவேந்தருக்குக்கூடக் கிடையாது. பதினாறு வருடமாக அதைக் கட்டிக் காப்பவள் அக்கா.

கட்டிக் காப்பது என்றால் சாதாரணமாக இல்லை. நம் தோலும் முடியும்கூடப் புரதம்தான். ஒரு துளி பொடுகு விழுந்தால் போதும், மாதக்கணக்கில் பாடுபட்டுத் தயாரித்த மாதிரியில் முதலில் தெரிவது தயாரித்தவரின் தலையாக இருக்கும். அதனால் வாசலிலேயே தலைக்கு வலை, கைக்கு உறை. தாடி வைத்த பேராசிரியர் ஒருவர் உண்டு, அவருக்குத் தாடிக்கும் தனியாக ஒரு வலை. அதை மாட்டியதும் அவர் முகம் பொட்டலம் கட்டியதுபோல் ஆகிவிடும். பாவம், ஒன்பது வருடமாக மாட்டுகிறார்.

கம்பளி என்றால் அக்காவுக்கு ஆகவே ஆகாது. அது ஆட்டு முடியாயிற்றே. யாருடைய மாதிரியில் என்ன அழுக்கு வந்தாலும் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் கொட்டை எழுத்தில் எழுதிவிடுவாள். ஆடு வந்தால் ஒரு மாதத் தடை. இன்னொரு சட்டமும் உண்டு. மாதிரியைக் கொண்டுவந்து கொடுப்பதோடு அவரவர் வேலை முடிந்தது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேசைமேல் குனிந்து, குட்டிக் குப்பிகளில் அதை மாற்றுவது அக்கா மட்டும்தான். மற்றவர்கள் கையை அவள் நம்புவதில்லை.

இப்பேர்ப்பட்டவளுக்கு வீட்டில் ஒரு கணவர். பேருந்து ஓட்டுநர். முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஓய்வில் இருந்தார். சும்மா உட்காரத் தெரியாத மனிதர், பின்னல் ஊசியைக் கையில் எடுத்தார். ஸ்வெட்டர் என்று ஆரம்பித்தது மப்ளராகச் சுருங்கி, கடைசியில் மூக்குக் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிடும் கயிறாக வந்து நின்றது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் தன் கையால் செய்து கொடுத்த முதல் பொருள். அக்கா அதைக் கழுத்தைவிட்டுக் கழற்றவே இல்லை.

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அக்காவுக்குத்தான் புரியவில்லை.

மாட்டிக்கொண்டது மீன்கண்ணு. குஞ்சு மீன்களின் கண்ணில் உள்ள புரதங்களை ஆராயும் மாணவி, அதனால் எல்லோரும் வைத்த பெயர் அது. எட்டு மாத உழைப்பில் அவளிடம் சேர்ந்த மாதிரி, கண்ணுக்கே தெரியாத அளவு. மாதக் கடைசியில் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். முதல் மாதிரியை அக்கா கருவியில் ஓட்டினாள். மீனைக் காணோம், திரை முழுக்க ஆடு.

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பையிலிருந்து ஒரு கம்பளித் துண்டு எட்டிப் பார்த்தது.

"இது என்ன?"

"பஸ்ல குளிருமேன்னு வச்சிருந்தேன்க்கா. இதோட உள்ள வரவே இல்லக்கா, சத்தியமா."

"நீ வரல. ஆடு வந்திருக்கே."

அடுத்து ஓட்டிய, மாதிரி எதுவும் சேர்க்காத வெறும் கரைசலிலும் ஆடு தெரிந்தது. இவளுடைய ஆடுதான் குழாயில் ஒட்டிக்கொண்டு மிச்சம் நிற்கிறது என்று அக்கா முடிவு கட்டினாள். கதவுத் தாளில் 'மீன்கண்ணு, ஆடு, ஒரு மாதம்' என்று ஏறிவிட்டது. அந்தப் பெண் அழவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து தேதியை விரல்விட்டு எண்ணினாள். அதை அக்கா பார்த்தாள், பார்க்காததுபோல் போனாள். சட்டம் என்றால் சட்டம்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கருவியைக் கழுவிச் சுத்தம் செய்தாள். திங்கள் காலையில் புதுக் குப்பியில் வெறும் கரைசலை ஊற்றி, முதல் ஓட்டமாக ஓட்டினாள். அதற்கு முன்னால் யாருடைய மாதிரியும் இல்லை. திரையில் ஆடு ஜம்மென்று நின்றது.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அப்போதுதான் கயிறு கையில் பட்டது. தவிட்டு நிறத்தில், பிசிறு பிசிறாக. குனிந்து ஊற்றும்போதெல்லாம் திறந்த குப்பிகளுக்கு நேர் மேலே இது ஆடியிருக்கிறது. மற்றவர்கள் மாதிரியில் புரதம் ஏராளம், அதில் ஆடு அமுங்கிப் போயிற்று. பாவப்பட்ட அந்த மீன் கண்ணில்தான் ஆடு மேய்ந்துவிட்டது. ஊரெல்லாம் திருடனைத் தேடிய மனுஷி, நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. அதைவிட, படிக்கட்டில் எண்ணிக்கொண்டிருந்த விரல்கள் நினைவுக்கு வந்தன.

மீன்கண்ணைத் தேடிப் போனாள்.

"இன்னும் மிச்சம் வச்சிருக்கியா?"

"ஃப்ரீசர்ல ஒரே ஒரு குழாய் இருக்குக்கா. ஒரு தடவைக்குத்தான் வரும்."

"தப்பு என்னுதும்மா. ஆடு என் கழுத்துல இருந்தது. மன்னிச்சுக்கோ."

பதினாறு வருடத்தில் அக்கா வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததாக யாருக்கும் நினைவில்லை. அந்தப் பெண்ணுக்கே பயமாகிவிட்டது.

மாதிரி இருந்தால் போதுமா, கருவி வேண்டாமா? மூன்று வாரத்துக்கு நான்கு துறையும் நேரத்தைப் பதிந்து வைத்திருந்தன. அதில் வரும் வியாழக்கிழமை தாடிப் பேராசிரியருடையது. அக்கா அவர் அறை வாசலில் போய் நின்றாள். நடந்ததைக் கேட்டவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"வியாழக்கிழமையைத் தரேன்க்கா. ஆனா சட்டப்படி உங்களுக்கு ஒரு மாசம் தடையாச்சே?"

"நான் உள்ள போகலன்னா மெஷினை யார் ஓட்டுறது சார்?"

"அதுவும் சரிதான். அப்போ தண்டனையை மாத்திக்கலாம். ஒரு மாசத்துக்கு நீங்க தாடி வலை மாட்டிக்கணும்."

"எனக்கு ஏது சார் தாடி?"

"ஆடு மட்டும் உங்களுக்கு இருந்துச்சா?"



அன்று மாலை கணவரிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். சொன்னதும் மனிதர் வருத்தப்படவே இல்லை.

"நான் பின்னினது உங்க மெஷின்லயே தெரிஞ்சுதா?"

"திரை பூரா அதாங்க."

"எந்த ஆடுன்னு மெஷின் சொல்லுமா?"

இந்த மனுஷனுக்காகவா இவ்வளவு கவலைப்பட்டோம் என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கயிறு வாசல் ஆணிக்குப் போயிற்று. வேலைக்குப் போகும்போது ஆணியில், திரும்பி வந்ததும் கழுத்தில்.

வியாழக்கிழமை மீன்கண்ணு குழாயை ஐஸில் வைத்து எடுத்து வந்தாள். கண்ணாடிக்கு இப்போது வெறும் ரப்பர் கயிறு. முகவாயில் தாடி வலையோடு அக்கா நிமிர்ந்து பார்த்தபோது அந்தப் பெண்ணின் உதடு துடித்தது.

"சிரிப்பு வந்தா வெளிய போய்ச் சிரி. எச்சில் தெறிக்கும்."

போனாள். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெகுநேரம் சத்தம் கேட்டது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசித் துளியைக் குப்பியில் விட்டாள்.

ஒன்றரை மணி நேரம் கருவி ஓடியது. புரதங்களின் பட்டியல் திரையில் இறங்க ஆரம்பித்ததும் மீன்கண்ணு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அக்கா திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்தாள்.

"மீனுதான்க்கா. எல்லாமே மீனு. ஆடு இல்லக்கா."

அப்புறம்தான் அந்தப் பெண் அழுதாள். அழட்டும் என்று அக்கா விட்டுவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனாள். மீன்கண்ணின் வரியை அடித்தாள். அதற்குக் கீழே, அதே கொட்டை எழுத்தில், 'மெஷின் அக்கா, ஆடு, ஒரு மாதம்' என்று எழுதினாள். அந்த வரி இன்னமும் அங்கேதான் இருக்கிறது. தாள் மூன்று முறை மாறிவிட்டது, ஒவ்வொரு முறையும் அதை முதல் வரியாக அவளே எழுதி ஒட்டுகிறாள்.