பாலிசி அம்மா

நான் வேலை பார்த்த சலவைக்கூடத்தின் ஆபீஸ் ஒரு கன்டெய்னர் பெட்டி. குவைத் பாலைவனத்தில், அமெரிக்கப் பட்டாளத்தின் கேம்புக்குள் இருந்தது. அதன் சுவரில் ஏசிக்குப் பக்கத்தில் ஒரு படம் மாட்டியிருந்தார்கள். கோட்டு, டை, பின்னால் கொடி, உதட்டில் லேசான சிரிப்பு. அவருக்குக் கீழே ஒருவருக்கு அடியில் ஒருவராக இன்னும் ஏழெட்டுப் படங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம கஃபீல் இவருதானா பாய்?" என்று சூப்பர்வைசர் பாயிடம் கேட்டேன். கஃபீல் என்றால் நமக்கு விசா கொடுத்து வரவழைத்து, பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் முதலாளி. அவர் விட்டால்தான் ஊர் திரும்ப முடியும். அதிராம்பட்டினத்துக்காரரான பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட போ வாப்பா, இவரு அமெரிக்க ஜனாதிபதி. ஒனக்கு எங்க கஃபீலு? வெளிய துப்பாக்கியோட நிக்கிறானுவளே, அவனுவளுக்கு வேணா கஃபீலு."

போன வாரம், பாப்பா, நீ காலேஜிலிருந்து கொண்டுவந்த தாளில் அதே ஜனாதிபதியின் பேர் இருந்தது. அவருடைய உள்நாட்டுக் கொள்கை, வெளிநாட்டுக் கொள்கை என்று இரண்டு தலைப்பில் பத்துப் பக்கம் எழுத வேண்டுமாம். "அப்பா, நீ அப்ப அமெரிக்காக்காரங்க கேம்புலதான இருந்த, ஏதாச்சும் சொல்லேன்" என்றாய். பத்தாவதில் தவறியவனுக்கு என்ன தெரியும் என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். அது பொய். கொள்கை எனக்குத் தெரியாதுதான். ஆனால் அந்த இரண்டு தலைப்பும் ஒரே நேரத்தில் ஒரு பொம்பளையின் தலையில் விழுந்ததைக் கிட்டத்தில் நின்று பார்த்தவன் நான். பார்த்தது மட்டும் இல்லை. அதனால்தான் எழுந்து போனேன். இதைப் பாப்பாவும் தம்பியும் சேர்ந்தே படியுங்கள்.

சலவைக்கூடத்துக்குப் பொறுப்பாக ஒரு சார்ஜென்ட் அம்மா இருந்தார். கறுப்பாக, ஆறடிக்குக் கொஞ்சம் குறைவாக, நடந்து வந்தால் தரைப்பலகை அதிரும். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு எங்கள் வாயில் 'அவள்'தான். எதைக் கேட்டாலும் "தட்ஸ் த பாலிசி" என்று சொல்லுவதால் நாங்கள் வைத்த பேர் பாலிசி அம்மா. "இன்சூரன்ஸ் பாலிசி போடச் சொல்லி வீடு வீடா வர்ற ஆளு மாதிரியே பேசுது பாரு" என்பார் என்னோடு ஒரே அறையில் இருந்த திட்டக்குடி அண்ணன். உட்கார ஸ்டூல் கேட்டோம், பாலிசி இல்லை. ஐம்பது டிகிரி வெயிலில் இஸ்திரி மிஷினுக்கு முன்னால் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளக் கேட்டோம், துணி நனையும், பாலிசி இல்லை. சிப்பாய்கள் தங்கள் உடுப்புகளை ஒரு வலைப்பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். நம்பர் வில்லையை மாட்டி, பைகளில் ஏதாவது கிடக்கிறதா என்று தடவிப் பார்த்து, எடுத்ததைத் தட்டில் வைத்துக் கணக்குக் கொடுத்துவிட்டு உள்ளே அனுப்புவது என் டூட்டி. உள்ளே போன பையை மூன்று நாளைக்கு யார் கேட்டாலும் திறக்கக் கூடாது. துணி மாறிப்போகிறது என்று புகார் வந்ததால் அந்த அம்மா போட்ட சட்டம் அது. ஒரு தடவை கல்யாண மோதிரத்தைத் துணியோடு போட்டுவிட்டு ஒரு பையன் அழுதான். அவனுக்கும் மூன்று நாள்தான்.

நான் போய்ச் சேர்ந்த அடுத்த வருசம், மாசி மாசம், உங்கள் தாத்தா படுத்தார். வாதம் அடித்து, பேச்சு நின்று, பதினோரு நாள் இழுத்துக்கொண்டு கிடந்தார். லீவுத் தாளை எழுதிக்கொண்டு கன்டெய்னருக்குப் போனேன். கேம்பை விட்டு வெளியே போக அந்த அம்மாவின் கையெழுத்து வேண்டும். அது இருந்தால்தான் கம்பெனியிடம் பாஸ்போர்ட் கேட்கவே முடியும். தாளைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "நோ ரீப்ளேஸ்மென்ட், நோ லீவ்" என்றார். உனக்குப் பதில் ஆள் வந்தால்தான் நீ போகலாம் என்று அர்த்தம். ஃபாதர், மேடம், டையிங் என்று எனக்குத் தெரிந்த மூன்று வார்த்தையையும் சொன்னேன். "தட்ஸ் த பாலிசி." நாலு தரம் போனேன். நாலு தரமும் அதே பதில்.

பதினோராம் நாள் மத்தியானம் உங்கள் சித்தப்பா பாயின் செல்லுக்குச் சேதி அனுப்பி, கேம்பின் போன் பெட்டியிலிருந்து என்னைக் கூப்பிடச் சொன்னான். பின்னால் ஏழெட்டுச் சிப்பாய்கள் வரிசையில் நிற்க, நான் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். "அண்ணே, மண்ணாசையோன்னு மண்ணு கரைச்சு வாயில ஊத்தியாச்சு. காசு ஒரசி ஊத்தியாச்சு. உசுரு போவ மாட்டங்குது. எல்லாரும் ஒன்னத்தான் தேடுறாருங்கிறாங்க. காதுல போன வைக்கிறேன், வந்துட்டன்னு சொல்லு."

எப்படிடா சொல்லுவேன் என்றேன். "சொல்லுண்ணே, பாக்க முடியல" என்று அழுதான். சொன்னேன். "வந்துட்டேம்ப்பா. பக்கத்துலதான் ஒக்காந்திருக்கேன்." கொஞ்ச நேரம் மூச்சு இரைக்கும் சத்தம்தான் கேட்டது. பிறகு சித்தப்பா குரல். "கை தொழாவுதுண்ணே. ஒன் கையின்னு நெனச்சுகிட்டு எங்கையப் புடிச்சிகிட்டாரு." அரை மணி நேரத்தில் போய்விட்டார். கொள்ளியும் சித்தப்பாதான் வைத்தான். தாத்தா நிம்மதியாகப் போனார் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறோம். இப்படித்தான் போனார்.

அதற்குப் பிறகு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் கசக்கும். அந்த அம்மா கையெழுத்துப் போட்டிருந்தாலும் கம்பெனி பத்து நாள் இழுத்தடித்திருக்கும், நான் வந்திருக்க முடியாது. இது அன்றைக்கும் எனக்குத் தெரியும். ஆனால் கம்பெனிக்கு முகம் இல்லை. படத்தில் சிரித்தவர் எங்கேயோ இருந்தார். என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது இந்த முகம் ஒன்றுதான்.

சித்திரையில் பாய் ஒரு சேதி கொண்டுவந்தார். அந்த அம்மாவின் ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாசமாகிவிட்டதாம். ஊருக்குப் போகப் பெட்டியெல்லாம் கட்டிவிட்டாராம். ஆனால் ஈராக்கில் சண்டை ஓயவில்லை, ஆள் பத்தவில்லை, அதனால் காலம் முடிந்தவர்களையும் விடக் கூடாது என்று மேலே இருந்து உத்தரவாம். காலேஜ் பீஸைப் பட்டாளம் கட்டும் என்று சேர்ந்தவராம். தாயார் தனியாக ஊரில் இருக்கிறாராம். பாய் சொல்லி முடிப்பதற்குள் திட்டக்குடி அண்ணன் கையைத் தட்டிச் சிரித்தார். "அப்ப இந்தம்மா பாஸ்போர்ட்டும் பூட்டிக்கிட்டாங்களா? ரீப்ளேஸ்மென்ட் வரலியாம்மா? அய்யய்யோ, பாலிசியாச்சே!" அன்றைக்கு அறையில் எல்லோரும் அந்த அம்மா மாதிரியே நடந்து காட்டி விளையாடினோம். அதிகமாகச் சிரித்தது நான்தான்.

ஆவணி மாசம் அமெரிக்காவில் பெரும் புயல் அடித்து, கரை உடைந்து, ஒரு பட்டணமே தண்ணீருக்குள் போனது. சாப்பாட்டுக் கூடத்து டிவியில் நாள் முழுக்க அதுதான். ஜனங்கள் கூரை மேல் ஏறி நின்று துணியை ஆட்டினார்கள். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள், யாரும் வரவில்லை. திட்டக்குடி அண்ணன் சோற்றைப் பிசைந்தபடி பார்த்தார். "கூரை மேல நிக்கிறதப் பூரா பாரு, கறுப்பு சனம். நம்மூர்லயும் காலனிதான மொதல்ல முழுவும். அவ்வளவு பெரிய நாடு, அங்கயும் அதே கததான்." பாய் மெதுவாகச் சொன்னார். "மணல் மூட்டை அடுக்கறதுக்கும் படகு வுடறதுக்கும் அந்த ஊருக்குன்னு இருக்கிற பட்டாளத்துல பாதிப் பேரு ஈராக்குல கெடக்கான். யாரு போயி தூக்குவா?" பாப்பா, உன் இரண்டு தலைப்புக்கும் நான் கேட்ட விளக்கம் இதுதான். இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

அது அந்த அம்மாவின் ஊர். இது மறுநாள்தான் தெரிந்தது. நாள் பூராவும் போன் பெட்டிகளுக்கும் கன்டெய்னருக்குமாக நடந்துகொண்டிருந்தார். லீவு கேட்டாராம், விடவில்லையாம். தாயார் செத்துவிட்டார் என்று காகிதம் வந்தால்தான் விடுவார்களாம். காணோம் என்றால் லீவு கிடையாதாம். எனக்கு உள்ளுக்குள் இனித்தது. மறைக்கப் போவதில்லை, இனித்தது.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, காலையில், தன் பையைக் கவுன்டரில் போட்டுவிட்டு நிற்காமல் போனார். நம்பர் மாட்டி, பைகளைத் தடவினேன். மேல்சட்டைப் பையில் சாப்பாட்டுப் பொட்டலத்திலிருந்து கிழித்த ஒரு அட்டைத் துண்டு இருந்தது. பேனாவால் அழுத்தி எழுதிய நீள நம்பர். அதற்குக் கீழே, வெள்ளத்துக்குத் தப்பியவர்களைத் தங்கவைத்த ஒரு பள்ளிக்கூடத்தின் பேர், கட்டில் நம்பர், பக்கத்தில் 'மாம்', அதாவது அம்மா, என்று. எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும். தட்டில் வைக்க வேண்டியதை என் சட்டைப் பையில் வைத்தேன்.

கால் மணி நேரத்தில் ஓடி வந்தார். தொப்பியைக் காணோம். நான்கு போன் பெட்டியிலும் கூட்டம், முறை வந்தபோதுதான் அட்டை இல்லாதது தெரிந்திருக்கிறது. தட்டைப் பார்த்தார், அதில் இல்லை. என் பை, என் பை என்றார். ப்ளீஸ் என்றார். அந்த வார்த்தையை அவர் வாயில் முதல் தடவையாகக் கேட்டேன். மை மதர் என்றார்.

"பேக் க்ளோஸ்டு, மேடம்" என்றேன். "த்ரீ டேஸ். தட்ஸ் த பாலிசி."

கெட்ட வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பக்கத்தில் நின்ற பாய் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "என்னமோ வச்சிருக்கே. குடுத்துரு வாப்பா."

"மாஃபி பாய். ஒண்ணும் இல்ல."

"ஒங்க அத்தாவுக்காகப் பண்றியா? அவரு எந்திரிச்சி வரப்போறாரா?"

"எங்கப்பன் கையத் தொழாவுனப்ப இந்தம்மா எங்க இருந்துச்சு? அலையட்டும். ஒரு மணி நேரம் அலையட்டும், குடுக்கிறேன்."

அந்த அம்மாவுக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. உள்ளே போய்விட்டார். ஓடிக்கொண்டிருந்த மிஷின்களை நிறுத்தி, மண்டி போட்டு, தன் பையில் இல்லை என்றதும் மற்றப் பைகளையும் அவிழ்த்து ஈரத் துணியை வாரித் தரையில் போட்டார். நூற்றுக்கணக்கான உடுப்புகள், எல்லாம் ஒரே நிறம். ஒவ்வொரு சட்டைப் பையாக வெளியே இழுத்துப் பார்த்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேடினேன். ஆமாம், தேடுகிற மாதிரி நடித்தேன். பையில் இருந்த அட்டை என் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் ஆனது. கொடுத்தால் எங்கே இருந்தது என்று கேட்பாரே என்று பயம் வந்தது. ஷிப்ட் முடிந்தது. ராத்திரி முழுக்கத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் தண்ணீரில் நனைத்துக் கொஞ்சம் கசக்கி, மிஷின் வடிகட்டியில் கிடைத்ததாகச் சொல்லிக் கொடுத்தேன். எண் தெரிந்தது. போன் பெட்டிக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன், ஏன் என்று தெரியவில்லை. லைன் கிடைத்தது. அந்தப் பக்கம் யாரோ பட்டியலைப் பார்த்துச் சொன்னார்கள். அந்தக் கட்டிலில் இருந்த அம்மா நேற்று மத்தியானம்வரை இருந்தார், சாயங்காலம் பஸ்ஸில் ஏற்றி வேறு மாநிலத்துக்கு அனுப்பிவிட்டார்கள், எந்த ஊருக்கு என்று எழுதிவைக்கவில்லை, மகள் பேசினாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, இதைப் பாய் பிறகு என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, அன்றிலிருந்து என்னோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை.

அந்த அம்மா நேராக என்னிடம் வந்தார். என் தோளில் கை வைத்தார். தேங்க் யூ என்றார். நீ ஒருவன்தான் என்னோடு உட்கார்ந்து தேடினாய் என்றார். அதுவரை 'யூ' என்று மட்டும் கூப்பிட்டவர் அன்றிலிருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மிஷினுக்கு முன்னால் தண்ணீர் பாட்டில் வந்தது. ஸ்டூல் வந்தது. தாயார் கிடைத்தாரா என்று தினமும் கேட்கத் தோன்றும். கேட்டதில்லை. அவராகவும் சொல்லவில்லை. போன் பெட்டி வரிசையில் மட்டும் தினமும் நின்றார்.

ஐப்பசியில் ஒரு நாள் கன்டெய்னருக்குக் கூப்பிட்டு, "உனக்குக் குழந்தை இருக்கிறதா?" என்று கேட்டார். பெண் குழந்தை, ஒரு வயசு, இன்னும் பார்த்ததில்லை என்றேன். மேஜையில் இருந்து லீவுத் தாள் ஒன்றை எடுத்தார். என் பேரை அவரே எழுதினார். ரீப்ளேஸ்மென்ட் என்று இருந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தார். "பாலிசி, மேடம்?" என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

அப்போது சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். சொல்லியிருந்தால் கிழித்திருப்பார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நான் லீவு முடிந்து திரும்பியபோது அவருடைய படையை வடக்கே, ஈராக்குக்குள் அனுப்பியிருந்தார்கள். எந்த ஊருக்கு என்று அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை.

பாப்பா, வாசலில் பெட்டியோடு வந்து இறங்கிய என்னைப் பார்த்து, நீ அம்மாவின் சேலையை விட்டுவிட்டு மூன்று அடி தனியாக நடந்து வந்தாய். அதுதான் உன் முதல் நடை. அதை நான் பார்த்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். நான் அதைப் பார்த்தது அந்தக் கையெழுத்தால்.