பென்சிலால் எழுதிய பெயர்கள்

பிள்ளைகள், நான் சந்தித்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லுறன், கேளுங்கோ.

எங்கள் ஐஸ் கொம்பனியில் டீசல் என்ஜினைக் கழற்றிவிட்டு சோலர் போடப்போகிறோம் என்று கொழும்பிலிருந்து ஒரு ஒல்லியான ஐயா வந்தார். புது வேலைப் பட்டியலில் பெயர் இல்லாதவர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். என்ஜின் பார்த்த எங்கள் மூன்று பேரையும் அதில் எழுதினார். சட்டைப் பையில் இரண்டு பேனை இருந்தும் பென்சிலால்தான் எழுதினார்.

நல்லாய் ஓடுகிற என்ஜினிலும் காது வைத்துப் பார்க்கிற ஆள் நான். அவர் இனிமையாகப் பேசப் பேச எனக்குச் சந்தேகம் கூடியது.

"ஐயா, பேனையால எழுதுங்கோவன்."

"மேலிடம் மாத்தச் சொன்னா மாத்த வேணுமே, தம்பி."

"அப்ப அழிறப்பரும் கொண்டுவந்திருப்பீங்கள்!" என்றார் என்னோடு என்ஜின் பார்த்த சிலாவத்துறை நானா. எல்லாரும் சிரித்தோம். ஐயா மட்டும் சிரிக்கவில்லை.

"தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று எழும்பினார். பட்டியலை விரித்தபடியே விட்டு, அதன்மேல் ஒரு பேனையையும் வைத்துவிட்டுப் போனார். மறந்து வைத்தாரா, என்னை மாட்டிவிட வைத்தாரா, இல்லை எனக்காகத்தான் வைத்தாரா? இன்றுவரை விளங்கவில்லை.

மற்ற இருவரும் என்ஜினடிக்குப் போய்விட்டார்கள். கந்தோர் அறையில் நான் மட்டும்தான். பென்சில் கோட்டின் மேலேயே அழுத்தி, மூன்று பெயரையும் மையால் எழுதினேன். கடைசியாக என் பெயரை.