நான்கு வினாடி தாமதம்

அரவேணுவில் என் ஜெராக்ஸ் கடைக்கும் பக்கத்து பேக்கரிக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர்தான். அந்தச் சுவரின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் பேக்கரிக்காரருமாக ஆறு வருடம் பேசாமல் இருந்தோம். காரணம் தெரிந்தால் சிரிப்பார்கள் என்று இருவருமே வெளியில் சொன்னதில்லை. இப்போது சொல்லலாம். அவர் வர்க்கி பிஸ்கட் சுடும் விறகு அடுப்பின் புகை என் ஜன்னல் வழியாக வரும். ஒருநாள் சாதிச் சான்றிதழை நகலெடுக்க வந்தவர், தாளில் இருந்த கரும்புள்ளிகளைக் காட்டி முகம் சுளித்தார். நான் வாசலுக்கு வந்து, நாலு பேர் கேட்கும்படி, "கரியைச் சுட்டு வர்க்கினு வித்தா இப்படித்தானுங்க ஆகும்" என்றேன். அவர் மாவுக் கையோடு வெளியே வந்து, என்னைப் பார்க்காமல் என் வாடிக்கையாளரைப் பார்த்து, "மெஷினுக்கு வயசானா அது கரியைத்தானுங்க துப்பும்" என்றார். நடந்தது அவ்வளவுதான். அவரவர் தொழிலைப் பற்றி வந்த சொல் என்பதால் இருவருக்குமே அது உள்ளே இறங்கிவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன், மலைச்சரிவுகளில் புல் பற்றி எரிவது அதிகமானபோது எங்கள் பகுதியில் தன்னார்வத் தீயணைப்புக் குழு ஒன்று தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி, ஓர் அடையாள அட்டை, ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜாக்கெட். ஊர்மேல் உள்ள அக்கறையால் சேர்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். உண்மை வேறு. பெயர்ப் பட்டியலை நகலெடுக்க என் கடைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அதில் ஏழாவதாகப் பேக்கரிக்காரர் பெயர் இருந்தது. அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அவர் என் கடை முன்னால் நடந்து போவதை நினைத்துப் பார்த்தேன். மெஷினில் தாளை வைப்பதற்கு முன் எட்டாவதாக என் பெயரை எழுதிவிட்டேன்.

குழுவுக்குத் தலைவி, பக்கத்து எஸ்டேட்டில் ஃபீல்டு சூப்பர்வைசராக இருக்கும் ஒரு பெண். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிவந்த குடும்பம். அந்தப் பேச்சின் சாயல் அவரிடம் இன்னும் உண்டு. என்னைவிட ஓரிரு வயது சின்னவராகத்தான் இருப்பார், ஆனாலும் முதல் நாளே எல்லோரும் அக்கா என்று அழைக்கத் தொடங்கிவிட்டோம். எஸ்டேட் ஓரத்தில் பற்றும் தீயைப் பச்சைக் கிளையால் அடித்து அணைத்துப் பழகியவர். தீயணைப்பு அலுவலர் கொடுத்துவிட்டுப் போன விதிமுறைத் தாளை நாங்கள் படித்தோம். அக்கா அதை நம்பினார். வித்தியாசம் அங்கேதான் இருந்தது.

முதல் பயிற்சி ஜனவரி மாதப் பனியில் நடந்தது. நான் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு போனேன். அக்கா என் கையைப் பிடித்து, ஸ்வெட்டரின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது என்னா, பருத்தியா?"

"உல்லனுங்க அக்கா."

"உல்லன் இல்ல, நைலான். தீ பட்டா உருகித் தோலோட ஒட்டிரும். போய்க் கழட்டிட்டு வாங்க."

பத்துப் பேரில் எட்டுப் பேரைத் திருப்பி அனுப்பினார். அரைமணி நேரம் கழித்து, வளர்ந்த மனிதர்கள் பத்துப் பேர் பருத்திச் சட்டையோடு பனியில் வரிசையாக நின்று நடுங்கிக்கொண்டே, நெருப்பின் சூட்டிலிருந்து உடம்பைக் காத்துக்கொள்வது எப்படி என்று கற்றுக்கொண்டோம்.

அடுத்தது ஜோடி பிரிப்பது. தீ இடத்தில் யாரும் தனியாக இருக்கக் கூடாது, ஒவ்வொருவருக்கும் ஒரு கூட்டாளி. அழைப்பு வந்ததும் சேர்ந்து கிளம்ப வசதியாக, பக்கத்தில் பக்கத்தில் இருப்பவர்களையே ஜோடி சேர்க்க வேண்டும் என்பது விதி. எங்கள் கடைகளைவிடப் பக்கத்தில் வேறு யாருக்கும் எதுவும் இல்லை. அக்கா தாளில் எங்கள் இருவர் பெயரையும் ஒரே கோட்டில் எழுதினார். ஜோடியை மாற்றக் கேட்க ஒரு படிவம் இருந்தது. அதில் காரணத்துக்கு நேராக மூன்று கட்டங்கள்: காயம், நோய், கர்ப்பம். நான் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். எனக்குப் பிறகு பேக்கரிக்காரரும் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

உண்மையான சிக்கல் அதன் பிறகுதான் வந்தது. வேலை செய்யும்போது, சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் "ஆள்?" என்று கூப்பிட வேண்டும், மற்றவர் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். மற்ற ஜோடிகள் உற்சாகமாகக் கத்தின. எங்கள் பக்கம் மட்டும் சத்தமே இல்லை. அக்கா வந்தார்.

"இங்க என்னா, ரெண்டு பேரும் செத்தாச்சா?"

பேக்கரிக்காரர் அக்காவிடம், "அவரு இருக்காருங்க. எனக்குத் தெரியுதுங்க" என்றார்.

"என்கிட்ட சொல்ல வேணாம். அவர்கிட்ட கேளுங்க."

"விசில் ஊதிக்கிறோமுங்க அக்கா" என்றேன் நான்.

"விசில யாரும் ஊதலாம். கொரலக் கேட்டாத்தான் மூச்சுத் திணறுதா இல்லையானு தெரியும். நீங்க கதைக்க வேணாம். கூப்பிட்டாப் போதும். வெளங்குதா?"

விளங்கியது. அன்றிரவு சாப்பிடும்போது எனக்கு நானே ஒரு நியாயம் செய்துகொண்டேன்: "ஆள்" என்பது என்னைக் குறிக்கும் சொல் அல்ல, பொறுப்பில் இருக்கும் ஒருவரைக் குறிப்பது. அவர் அந்தப் பொறுப்பை விசாரிக்கிறார், பொறுப்பு பதில் சொல்கிறது. அடுத்த ஞாயிறு அவர் ஒரு சீகை மரத்தைப் பார்த்து "ஆள்?" என்றார். நான் வானத்தைப் பார்த்து "இருக்கேன்" என்றேன். அக்காவுக்குத் திருப்தி.

மார்ச் மாதம் ஒரு மதியம், எங்களுக்கு மேலே உள்ள புல் சரிவில் தீ பிடித்தது. நானும் பேக்கரிக்காரரும் ஒரே நேரத்தில் ஷட்டரை இறக்கி, பேசாமலே ஒரே ஜீப்பில் ஏறினோம். மேல் பக்கம் மற்றவர்கள் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போட்டார்கள். எங்கள் இருவருக்கும் கொடுத்தது கீழே இருந்த ஒற்றையடிப் பாதை. தீ அதைத் தாண்டி தேயிலைக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதுகில் தண்ணீர் நிரப்பிய ஸ்பிரேயர், கையில் பச்சைக் கிளை. நான் பாதையின் இந்த வளைவில், அவர் இருபதடி தள்ளி அந்த வளைவில்.

"ஆள்?"

"இருக்கேன்."

இப்படி நாலைந்து முறை போயிருக்கும். அப்போது புகைக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை இறங்கி வந்தது. எங்கள் இருவருக்கும் சரியாக நடுவில், பாதையில், மறித்து நின்றுகொண்டது. தீக்குப் பயந்து வந்ததுபோலத் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நிற்பதுபோல நின்றது.

விதிமுறைத் தாளில் காட்டெருமைக்கும் ஒரு வரி உண்டு: அசையக் கூடாது, சத்தம் போடக் கூடாது. கூட்டாளியைக் குரல் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்பதும் அதே தாளில்தான் இருந்தது. இரண்டில் எது பெரியது என்று அதில் எழுதியிருக்கவில்லை.

பேக்கரிக்காரர் மனசாட்சியுள்ள மனிதர் என்பதை அன்றுதான் பார்த்தேன். சில நிமிடம் ஆனதும், காட்டெருமையின் முதுகுக்கு மேலே, ரகசியம் சொல்வதுபோல, "ஆள்?" என்றார். காட்டெருமை அவர் பக்கம் தலையைத் திருப்பியது. நான் அதே ரகசியக் குரலில் "இருக்கேன்" என்றேன். அது என் பக்கம் திருப்பியது. மறுபடி சில நிமிடம். மறுபடி "ஆள்?" தலை அந்தப் பக்கம். "இருக்கேன்." தலை இந்தப் பக்கம். மூச்சு முட்டும் புகை, நடுவில் ஆயிரம் கிலோ மிருகம், இரண்டு பக்கமும் ஆறு வருடமாகப் பேசாத நாங்கள். ஆனாலும் என் முறை வரும்போது தவறாமல் பதில் சொன்னேன்.

அப்போதுதான் அவருக்குப் பின்னால் பார்த்தேன். காய்ந்த பெரணிப் புதரில் பொறி விழுந்து, அடியில் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. அவர் கவனமெல்லாம் காட்டெருமைமேல். நான் சொல்லியாக வேண்டும். அதற்கு "இருக்கேன்" போதாது, முழு வாக்கியம் வேண்டும். சண்டைக்கு முன்னால் அவரை வா போ என்றுதான் கூப்பிடுவேன். இப்போது அந்த உரிமை எனக்கு இருக்கிறதா? நீங்க என்றால் ஒதுக்கிவைப்பதுபோல ஆகுமா? ஒன்றுமே போடாமல் "நெருப்பு" என்று மட்டும் சொன்னால் அவர் முன்பக்கத்து நெருப்பைத்தானே பார்ப்பார்? பெரணியில் தீயின் நாக்கு கிளம்பிவிட்டது.

"ஏனுங்க!" என்றேன், சத்தமாகவே. "உங்களுக்குப் பின்னால பாருங்க!"

அவர் திரும்பிக் கிளையால் அடித்தார், ஸ்பிரேயரைத் திருப்பிப் பீய்ச்சினார், அணைந்தது. என் சத்தத்துக்குக் காட்டெருமை என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, தேயிலைக்குள் இறங்கி நடந்துபோனது. ஒரு மணி நேரத்தில் மேலே தீயும் அடங்கியது.

தீ அணைந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். யாரையும் குத்திப் பேசக் கூடாது, எதையும் மறைக்கவும் கூடாது. பேக்கரிக்காரர் எழுந்து நின்று சொன்னார்:

"எனக்குப் பின்னால பெரணியில தீ புடிச்சுது. கூட்டாளி பார்த்துத் தகவல் சொன்னாருங்க. ஆனா அவரு பார்த்ததுக்கும் சொன்னதுக்கும் நடுவுல நாலு வினாடி தாமதமுங்க. அவரு மூஞ்சி மாறுனது தெரிஞ்சது. எண்ணிப் பார்த்தேன்."

நான் திகைத்துவிட்டேன். உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன், மனிதர் வினாடியை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். அக்கா என்னிடம் திரும்பினார்.

"தாமதம் உண்மையா?"

"உண்மைதானுங்க."

"காரணம்?"

மறைக்கக் கூடாது அல்லவா. "நீனு சொல்றதா நீங்கனு சொல்றதானு யோசிச்சனுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா நோட்டில் அதை அப்படியே எழுதினார். பிறகு, எச்சரிக்கை சொல்லத் தயங்கியதற்காக எனக்கு இரண்டு வாரம் சஸ்பென்ஷன் என்றார். கூட்டாளி இல்லாமல் யாரும் வரக் கூடாது என்பதால் பேக்கரிக்காரருக்கும் இரண்டு வாரம். "நான் என்னங்க அக்கா பண்ணுனேன்?" என்று அவர் கேட்டதற்கு, "நீங்க தனியாள்" என்றார்.

வீட்டில் மனைவி ஜாக்கெட்டை மடித்து அலமாரியில் வைத்துக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க, நெருப்பு அணைக்கப் போயி சஸ்பெண்டு ஆனது இந்த மலையிலயே நீங்க ஒருத்தராத்தான் இருக்குமுங்களா?"

"ரெண்டு பேரு" என்றேன்.

சஸ்பென்ஷனில் ஒன்பதாவது நாள், எதிர் மலையில் புகை எழுந்தது. குழுவின் ஜீப் எங்கள் கடைகளைத் தாண்டி மேலே போனது. நான் வாசலுக்கு வந்தேன். அவரும் வந்தார். ஆளுக்கொரு படியில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கோட்டை எங்கே போட வேண்டும் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர் உதடும் அசைந்தது. அரைமணி நேரத்தில் அந்தப் புகை வெளுத்துக் குறைந்தது. ஆனால் கருகல் வாடை மட்டும் கூடிக்கொண்டே வந்தது. எதிரே டீக்கடையில் நின்றவர்கள் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது பேக்கரிக்குள்ளிருந்து கறுப்பாகப் புகை வந்துகொண்டிருந்தது. அடுப்பில் வைத்த வர்க்கியை மறந்துவிட்டு மனிதர் மலையைப் பார்த்திருக்கிறார்.

அவர் உள்ளே ஓடுவதற்குள் மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த ஜீப் கடை முன்னால் வந்து நின்றுவிட்டது. அக்கா முதலில் குதித்தார், பின்னால் நாலு பேர், எல்லோரும் ஹெல்மெட்டோடு. அக்கா கையை நீட்டி வாசலை மறித்தார்.

"சஸ்பெண்டுல இருக்கவங்க தீ எடத்துக்குள்ள வரக் கூடாது."

"அக்கா, இது என்ற கடைங்க!"

"வெளங்குது. அந்தக் கோட்டுக்கு அங்கிட்டு நில்லுங்க. கூட்டாளியும்."

கோடு என்று அவர் காட்டியது சாலையோரச் சாக்கடையை. இருவரும் அதைத் தாண்டிப் போய் நின்றோம். உள்ளே ஸ்பிரேயர் சீறும் சத்தம், தகரத் தட்டுகள் விழும் சத்தம். "ஆள்?" என்று ஒரு குரல், "இருக்கேன்" என்று இன்னொரு குரல். ஒவ்வொரு தட்டாகக் கொண்டுவந்து வாசலில் அடுக்கினார்கள். எல்லாம் அடுப்புக்கரி. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், ஆனால் என்னிடம்தான், சொன்னார்:

"நாப்பத்தெட்டு டஜனுங்க."

சாக்கடைக்கு இந்தப் பக்கமிருந்தே எட்டிப் பார்த்தேன். "சுவத்துல ஒண்ணும் புடிக்கலையாட்டம் இருக்குதுங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

அக்கா வெளியே வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். அடுப்பில் தீ இருக்கும்போது இடத்தை விட்டு வந்ததற்கு நாளைக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும், மூன்று பிரதி, என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் காலை பேக்கரிக்காரர் ஒரு தாளோடு என் கடைக்குள் வந்தார். எங்கள் பகுதியில் டைப் செய்ய வேறு இடம் கிடையாது. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து தாளை என் பக்கம் தள்ளினார். நான் டைப் செய்துகொண்டே படித்தேன். "எதிர் மலையில் எரிந்த தீயைப் பொறுப்புடன் கண்காணித்துக்கொண்டிருந்த காரணத்தால், என் கடையில் எரிந்த தீயைக் கண்காணிக்க இயலவில்லை."

"கண்காணிக்கறது ரெண்டு தடவ வருதுங்க" என்றேன்.

"ஒண்ணை எடுத்துட்டு 'கவனிக்க'னு போடுங்க."

"'பொறுப்புடன்' வேணுமுங்களா? சஸ்பெண்டுல இருக்கறப்ப என்ன பொறுப்புனு கேப்பாங்க."

அவர் தாளில் அந்தச் சொல்லை அடித்தார். "'அக்கறையுடன்'?"

மதியம்வரை எழுதினோம். இரண்டு பக்கம் வந்தது. காற்றின் திசை, ஜீப் போன நேரம், தட்டுகளின் எண்ணிக்கை, எல்லாம் இருந்தது. மாலையில் அவர் அந்தத் தாள்களோடு திரும்பி வந்தார்.

"அக்கா படிக்கவே இல்லீங்க. தப்பு என்னுதுனு ஒரு வரி போதும், ரெண்டு பக்கம் எதுக்குங்கறாங்க."

அந்த ஒரு வரியை எழுத எங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆனது.